பிறப்பு கழித்தல் இறப்பு: வளர்ப்பு யானைகளின் கணக்கு

கோயில் யானை இறந்தால் ஊரே திரண்டு வருகிறது. 2022 நவம்பர் 30 அன்று புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் லட்சுமி காலை நடைப்பயிற்சியில் சரிந்து விழுந்து இறந்தபோது பார்த்தோம். 2025 ஜனவரியில் நெல்லையப்பர் கோயில் காந்திமதிக்கும் அதே கூட்டம், அதே கண்ணீர். அந்தக் கண்ணீர் பொய்யில்லை. ஆனால் ஒரு மாதம் கழிந்ததும் டீக்கடையில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "புது யானை எப்ப வரும்?"

எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்பதில்லை. தமிழ்நாட்டுக் கோயில்களில் இருப்பவை கிட்டத்தட்ட எல்லாமே பெண் யானைகள். உங்கள் ஊர்க் கோயில் யானை குட்டி போட்டது என்று எப்போதாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நாற்பது, ஐம்பது வருடம் வாழ்ந்து, லட்சக்கணக்கானவர்களை ஆசீர்வதித்து, ஒரு குட்டிகூட ஈனாமல் இறந்துபோகிற விலங்கு அது. வளர்ப்பு யானைகள் தங்களைத் தாங்களே தக்கவைத்துக்கொள்ளுமா, அதாவது காட்டிலிருந்து ஒரு யானையைக்கூடப் பிடிக்காமல் எண்ணிக்கையை அப்படியே வைத்திருக்க முடியுமா என்பதுதான் இந்தப் பதிவின் கேள்வி. நான் விலங்கியல் படித்தவன் இல்லை. மென்பொருள் ஆள். ஆனால் இது அடிப்படையில் ஒரு கூட்டல் கழித்தல் கணக்கு என்பதால் துணிந்து இறங்குகிறேன்.

முதலில் ஒரு பழைய விஷயம். ஆட்டையும் மாட்டையும் நாய் பூனையையும் சொல்கிற அர்த்தத்தில் யானை வீட்டு விலங்கே கிடையாது. நாலாயிரம் வருடமாக மனிதன் யானையைப் பழக்குகிறான், ஆனால் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்ததில்லை. ஒவ்வொரு தலைமுறையும் காட்டிலிருந்து பிடித்து வந்ததுதான். காரணம் பொருளாதாரம். பசு மூன்று வயதில் கன்று போட்டுப் பால் தரும். யானைக்குட்டி உருப்படியாக வேலை செய்ய இருபது வயதாகும். அதுவரை தினமும் நூறு கிலோவுக்கு மேல் தீனி போட்டுக் காத்திருக்க எந்த ராஜாவுக்கும் பொறுமை கிடையாது. காடு அதை இலவசமாக வளர்த்துத் தருகிறதே!

அர்த்தசாஸ்திரம் இதை நேராகவே சொல்கிறது: கோடையில் பிடி, இருபது வயது யானையைப் பிடி, குட்டியையும் குட்டியோடு இருக்கும் பெண்ணையும் விட்டுவிடு. இன்றைய மொழியில் சொன்னால் வளர்ப்புச் செலவு காட்டுக்கு, லாபம் அரண்மனைக்கு. தாமஸ் டிரௌட்மன் 2015ல் வெளியான தன் புத்தகத்தில் இன்னொரு படி மேலே போகிறார். யானை வேண்டும் என்பதற்காகவே இந்திய அரசர்கள் யானைக் காடுகளைக் காப்பாற்ற வேண்டியிருந்தது என்பது அவர் வாதம். ஒத்துக்கொள்வதா இல்லையா என்பது வேறு விஷயம். கணக்கில் காட்டின் பங்கு என்ன என்பது தெளிவாகத் தெரிகிறது.

பிரிட்டிஷ் காலத்திலும் இதே கதை. மைசூர் பக்கம் கெட்டா, அதாவது கூட்டமாக விரட்டி வளைத்துப் பிடிப்பது. ஆனைமலை, கேரளப் பக்கம் குழி வெட்டிப் பிடிப்பது. மைசூர்ப் பகுதியின் கடைசி கெட்டா 1971ல் காகனகோட்டையில் நடந்தது. அடுத்த வருடம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1977ல் யானையை முதல் அட்டவணைக்கு மாற்றினார்கள். அதாவது உள்ளே வரும் குழாயை மூடியாகிவிட்டது. வெளியே போகிற குழாயை யாராலும் மூட முடியாது, அது சாவு. அப்படியானால் தொட்டி வற்றாமல் இருக்க ஒரே வழி, உள்ளேயே குட்டி பிறக்க வேண்டும்.

பிறக்குமா?

இதற்குக் கிடைக்கும் மிக நல்ல பதில் நம் ஊரிலிருந்தே வருகிறது. முதுமலையின் தெப்பக்காடு முகாம் 1910 வாக்கில் தொடங்கியது. அங்கேயும் ஆனைமலையிலும் மரக்கூப்பு வேலைக்காக வனத்துறை யானைகளை வைத்திருந்தது. வனத்துறை என்றாலே பதிவேடு. பிறப்பு, இறப்பு, உயரம், நோய் எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். தென்னிந்திய முகாம்களின் ஏறக்குறைய நூறு வருடப் பதிவேடுகளை எடுத்து ராமன் சுகுமாரும் மூன்று பேரும் 1997ல் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். அந்த மூவரில் ஒருவர் டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தி. ஜெயமோகனின் 'யானை டாக்டர்' படித்தவர்களுக்கு யார் என்று தெரியும். கதையில் வரும் மனிதர் அழுகிய யானையின் உடலுக்குள் இறங்கிப் பரிசோதனை செய்வார். நிஜத்தில் இந்தப் புள்ளிவிவரக் கட்டுரையிலும் கைவைத்திருக்கிறார் என்பது எனக்கு ஏனோ ரொம்பப் பிடித்த தகவல்.

அவர்கள் கண்டது இது. முழுக் காலத்தையும் எடுத்தால் வயதுவந்த ஒரு பெண் யானைக்கு வருடத்துக்கு 0.095 குட்டி. அதாவது பத்தரை வருடத்துக்கு ஒன்று. 1969 முதல் 1989 வரை மட்டும் பார்த்தால் 0.155, ஆறரை வருடத்துக்கு ஒன்று. இந்த இரண்டாவது எண் காட்டு யானைகளின் விகிதத்தை நெருங்குகிறது. குறைந்த விகிதத்தில் கூட்டம் வருடம் 0.5 சதவீதம் வளரும், கூடின விகிதத்தில் 1.8 சதவீதம். ரெண்டுமே பூஜ்யத்துக்கு மேலே. காட்டிலிருந்து பிடிக்காமலேயே இந்த முகாம்கள் தாக்குப்பிடிக்க முடியும் என்று அர்த்தம்.

இதை அப்படியே நம்பாமல் ஒரு விரல்விட்டு எண்ணும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிறந்த பெண் குட்டி 15 வயது வரை பிழைக்கும் வாய்ப்பு 75 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். பிழைத்தது சராசரியாக 30 வருடம் குட்டி போடும் வயதில் இருக்கட்டும். 30 × 0.155 = 4.65 குட்டி. பாதி பெண் என்றால் 2.3. அதில் 75 சதவீதம் பெரியதாகும்: 1.74. ஒரு தாய்க்குப் பதில் 1.74 தாய். ஒரு தலைமுறை 30 வருடம் என்றால் வருடத்துக்குக் கிட்டத்தட்ட 1.8 சதவீதம். பரவாயில்லையே! 0.095ஐப் போட்டால் 1.07 வருகிறது. ஒன்றைத் தொட்டும் தொடாமலும். இந்த 75, 30 எல்லாம் நான் வைத்துக்கொண்ட எண்கள்தான். ஆனால் கணக்கு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பது புரியும். ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் இடைவெளி ஆறரையிலிருந்து பத்தரை ஆனால் வளர்ச்சி ஏறக்குறைய நின்றே போகிறது. அதோடு சாவும் கொஞ்சம் கூடினால் முடிந்தது.

சரி, முகாமில் மட்டும் எப்படி முடிந்தது? ரகசியம் ஒன்றுமில்லை. ராத்திரி அவிழ்த்து விட்டார்கள், அவ்வளவுதான்.

பகலில் வேலை, ஆற்றில் குளியல், கேழ்வரகும் கொள்ளும் உருட்டிய கவளம். சாயங்காலம் முன்கால்களில் சங்கிலி பிணைத்து, ஒரு நீளச் சங்கிலியை இழுத்துப் போகிற மாதிரி விட்டு, காட்டுக்குள் மேய அனுப்பிவிடுவார்கள். காலையில் பாகனும் காவடியும் (உதவியாளுக்கு அங்கே அந்தப் பெயர்) சங்கிலி இழுத்த தடத்தைப் பிடித்துப் போய் அழைத்து வருவார்கள். இந்த இரவில்தான் எல்லாம் நடக்கிறது. யானை தனக்கு வேண்டிய இலை, பட்டை, புல் தேடித் தின்கிறது. மற்ற யானைகளோடு உரசுகிறது. காட்டு ஆண் யானை வருகிறது. முகாமில் பிறந்த குட்டிகளில் நிறையவற்றுக்கு அப்பன் யாரென்று பதிவேட்டில் இருக்காது, அவன் காட்டுக்காரன். குட்டி பிறந்ததும் தாய் மட்டுமல்ல, கூட இருக்கும் மற்ற பெண் யானைகளும் சேர்ந்து பார்த்துக்கொள்கின்றன.

மியான்மரிலும் இதே ஏற்பாடுதான், ஆனால் பெரிய அளவில். அரசு மர நிறுவனத்திடம் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட யானைகள், ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவேடு. உலகத்திலேயே பெரிய யானை டேட்டாபேஸ் அதுதான். கின் ஊ மார் என்ற கால்நடை மருத்துவர் அதைத் திரட்டிக் கணினிக்குக் கொண்டுவந்த பிறகு, விர்ப்பி லும்மா குழுவினர் அதிலிருந்து வரிசையாகக் கட்டுரைகள் எழுதுகிறார்கள். 2018ல் வந்த ஒன்றில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட யானைகளின் ஆயுளை ஒப்பிட்டார்கள். காட்டில் பிடித்து வந்தவை, முகாமிலேயே பிறந்தவற்றைவிட 3 முதல் 7 வருடம் குறைவாக வாழ்கின்றன. தீனி ஒன்று, வேலை ஒன்று, மருத்துவர் ஒன்று. வித்தியாசம் அந்தப் பிடிபடும் அனுபவம் மட்டுமே. அதன் பாதிப்பு பல வருடங்கள் தொடர்கிறது. ஆக காட்டிலிருந்து பிடித்து எண்ணிக்கையை நிரப்புவது என்பது காட்டுக்கு ஒன்று நஷ்டம், முகாமுக்கு ஒன்று லாபம் என்ற நேர்க்கணக்குக்கூட இல்லை. பாதி வழியிலேயே ஒழுகுகிற வாளி அது.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். மியான்மர் யானைகளே முழுசாகத் தாக்குப்பிடித்தன என்று சொல்ல முடியாது. 2008ல் வந்த ஒரு ஆய்வு, அங்கே சாவு அதிகம், பிறப்பு போதாது, பிடித்து நிரப்புவதால்தான் எண்ணிக்கை நிற்கிறது, அது காட்டுக் கூட்டத்தையே காலி செய்துவிடும் என்று எச்சரித்தது. ராத்திரி அவிழ்த்து விட்டாலே போதும் என்று இல்லை. அது குறைந்தபட்சத் தகுதி.

இப்போது எதிர்முனை. மேல்நாட்டு மிருகக்காட்சி சாலைகளில் பணத்துக்குக் குறைவில்லை. ஸ்கேன், ஹார்மோன் பரிசோதனை, செயற்கைக் கருவூட்டல் எல்லாம் உண்டு. ஆனாலும் 2000ல் ராபர்ட் வீஸ், வட அமெரிக்காவின் ஆசிய யானைகள் தங்களைத் தாங்களே தக்கவைக்கும் நிலையில் இல்லை என்று கட்டுரைத் தலைப்பிலேயே எழுதிவிட்டார். 2008ல் 'சயின்ஸ்' இதழில் ராஸ் கிளப் குழு ஐரோப்பியக் காட்சி சாலைகளை எடுத்துக்கொண்டது. அங்கே பிறந்த ஆசியப் பெண் யானைகளின் இடைநிலை ஆயுள் 18.9 வருடம். மியான்மரில் மரம் இழுக்கும் முகாமில் பிறந்தவற்றுக்கு 41.7. கூலி வேலை செய்கிற யானை, உட்கார்ந்து சாப்பிடுகிற யானையைவிட இரண்டு மடங்குக்கு மேல் வாழ்கிறது! அந்த டேட்டா பழசு, இப்போது பராமரிப்பு மாறிவிட்டது என்று காட்சி சாலைக்காரர்கள் பதில் சொன்னார்கள். அதில் ஓரளவு நியாயமும் உண்டு. இருந்தாலும் 18.9 என்ற எண்ணை என் கணக்கில் போட்டுப் பாருங்கள். 15 வயது தாண்டுவது 55 சதவீதம், ஈனும் காலம் 15 வருடம் என்று வைத்து, முகாமின் நல்ல விகிதமான 0.155ஐயே கொடுத்தாலும் வருவது 0.64. நூறு தாய்க்கு அடுத்த தலைமுறையில் 64, அதற்கடுத்து 41, பிறகு 26.

ஏன் இப்படி என்பதற்குப் பல காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. உடல் பருமன் ஒன்று. தாயிடமிருந்து சின்ன வயதிலேயே பிரித்து வேறு ஊருக்கு மாற்றுவது ஒன்று. ஹெர்பஸ் வகை வைரஸ் ஒன்று இருக்கிறது. வாஷிங்டன் காட்சி சாலையில் 1995ல் குமாரி என்ற 16 மாதக் குட்டி இறந்தபோதுதான் அதன் தடயம் கிடைத்தது, 1999ல் விவரம் வெளியானது. பால்குடி மறக்கும் வயதுக் குட்டிகளை ஒரே நாளில் வீழ்த்தக்கூடியது. இந்த வைரஸ் ஆசியக் காடுகளிலும் முகாம்களிலும்கூட உண்டு.

எனக்கு ரொம்ப உறைத்தது வேறு ஒன்று. பெண் யானை இளவயதிலேயே கருவுறாமல் இருந்தால் அதன் கருப்பை சீக்கிரம் மூப்படைகிறது. இயற்கையில் யானையின் வாழ்க்கை கர்ப்பம் 22 மாதம், பாலூட்டல் சில வருடம் என்று மாறி மாறிப் போகும். மாதவிடாய் போன்ற சினைச் சுழற்சி வெகு சில தடவைதான் வரும். குட்டியே இல்லாத யானைக்கு அந்தச் சுழற்சி இடைவிடாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. கட்டிகள் வளர்கின்றன. ஹில்டெபிரான்ட், ஹெர்மஸ் குழுவினர் இதை ஸ்கேன் மூலம் காட்டினார்கள். இருபத்தைந்து வயதுக்குள் ஒரு குட்டியாவது ஈனாத யானைக்கு அதற்குப்பின் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அதாவது இனப்பெருக்கத்தைத் தள்ளிப்போட முடியாது. நாற்பது வயது கோயில் யானையைப் பிடித்துப்போய் முதுமலையில் விட்டால் குட்டி போட்டுவிடும் என்பது நடக்காத காரியம்.

காடு இல்லாமல் வெற்றி பெற்ற இடமும் ஒன்று உண்டு என்பதையும் சொல்ல வேண்டும்: இலங்கையின் பின்னவல. 1975ல் அநாதைக் குட்டிகளோடு தொடங்கியது. முதல் பிறப்பு 1984ல். அதற்குப்பின் எழுபதுக்கு மேல் பிறந்திருக்கின்றன. 2021ல் இரட்டைக் குட்டிகள்கூட. அங்கே பிரச்சினைகள் நிறைய, ஆனால் ஆணும் பெண்ணும் குட்டியுமாகப் பெரிய கூட்டம் ஒன்றாக இருக்கிறது, இளவயதிலேயே சேர்கிறது. ஆகவே மரம் இழுப்பதோ காடோ மட்டும் மந்திரம் இல்லை. துணை வேண்டும், கூட்டம் வேண்டும், சீக்கிரம் வேண்டும்.

இப்போது நம் கோயில்களுக்கு வருவோம். இங்கேதான் கணக்கு வேடிக்கையாகிறது. பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் ஆண், இந்தப் பக்கம் பெண்!

கேரளத்தில் பூரத்துக்குத் திடம்பு ஏற்ற உயரமும் கொம்பும் வேண்டும். எனவே கொம்பன். 2018 கணக்கெடுப்பில் அந்த மாநிலத்தில் 521 வளர்ப்பு யானைகள். பெண் சுமார் நூறுதான். நம் பக்கம் கோயில் ஊருக்கு நடுவில் இருக்கிறது, மதம் பிடிக்கிற ஆணை அங்கே வைத்திருக்க முடியாது. எனவே பெண், அதுவும் ஒற்றைப் பெண். காட்டுக் குழாய் திறந்திருந்தவரை இரண்டுமே புத்திசாலித்தனமான தேர்வுதான். குழாயை மூடியதும் இரண்டுமே முட்டுச்சந்து. கேரளத்தின் நூறு பெண்ணும் இளமையாக இருந்து முகாம் விகிதத்தில் ஈன்றாலும் வருடத்துக்கு 15 குட்டி. 521ல் வருடம் 4 சதவீதம் இறந்தாலே 20 போய்விடும். நிஜத்தில் பிறப்பு அந்தப் பதினைந்துக்குப் பக்கத்தில்கூட இல்லை. தமிழ்நாட்டுக் கோயில்களுக்குக் கணக்கே தேவையில்லை. ஒற்றை யானையை எதால் பெருக்கினாலும் பூஜ்யம்.

"அப்போ ஆணையும் பெண்ணையும் சேர்த்து வைக்கலாமே?" என்று ஒரு நண்பர் கேட்டார். லாரியில் ஏற்றி, சினை நாள் பார்த்து, பழகாத இரண்டு நாலு டன் விலங்குகளைச் சேர்த்துவைப்பதைக் கொஞ்சம் கற்பனை செய்யுங்கள். நடந்தாலும் 22 மாதம் கர்ப்பிணி யானை கருங்கல் தரையில் நிற்க வேண்டும். குட்டி பிறந்தால் ஐந்து வருடம் தாயோடு விட வேண்டும். அதற்கு இடம் எந்தக் கோயிலில் இருக்கிறது? அப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்யும் அளவுக்கு இடமும் காடும் இருந்தால் அதன் பெயர் கோயில் இல்லை, முகாம்.

இதில் நிஜமாகவே கவலைப்பட வேண்டிய இடம் சட்டம். 2022ல் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தியபோது, உரிமைச் சான்று உள்ளவர் வளர்ப்பு யானையை 'மத நோக்கம் அல்லது வேறு எந்த நோக்கத்துக்கும்' இடமாற்றலாம் என்று 43ஆம் பிரிவில் வழி விட்டார்கள். 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. பிறப்பு இல்லாத, ஆனால் கிராக்கி இருக்கிற பண்டத்துக்கு இடமாற்றத்தை எளிதாக்கினால் என்ன ஆகும்? சான்றிதழின் மதிப்பு ஏறும். ஏறினால் காட்டுக் குட்டியை 'முகாமில் பிறந்தது' என்று காட்டும் ஆசையும் ஏறும். மைக்ரோசிப் இருக்கிறதே என்பார்கள். சிப் அடையாளத்தைச் சொல்லும், பிறப்பிடத்தைச் சொல்லாது. தாய் யார் என்று மரபணுவை ஒப்பிட்டால்தான் தெரியும். 2024ல் வந்த இடமாற்ற விதிகளில் மரபணு விவரம் கேட்கிறார்கள் என்பது நல்ல செய்தி. ஒவ்வொரு குட்டிக்கும் தாயோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்களா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

என் கருத்தைக் கேட்டால், வனத்துறை முகாம்கள் இருக்கட்டும். ஊருக்குள் வரும் யானையைச் சமாளிக்கக் கும்கி வேண்டும், தாயை இழந்த குட்டிக்குப் போக்கிடம் வேண்டும். அங்கே கணக்கும் ஒத்துவருகிறது. கோயில்களில் இந்தத் தலைமுறையோடு முடியட்டும். திருச்சூர் மாவட்டத்தில் இரிஞ்சாடப்பள்ளி கிருஷ்ணன் கோயில் 2023ல் இயந்திர யானையை இறக்கியது. எனக்கு அந்த ரப்பர் தோல் அழகாகப் படவில்லை, ஆனால் அதற்கு யாரும் குழி வெட்ட வேண்டியதில்லை.

முடியட்டும் என்று சொல்வது எளிது. அது எவ்வளவு நீளம் என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை. திருவிதாங்கூர் தேவஸ்வத்தின் தாக்ஷாயணி 2019ல் இறந்தபோது வயது 88 என்றார்கள். அவ்வளவு வேண்டாம், 65 என்றே வைப்போம். இன்று 20 வயதில் இருக்கும் கோயில் யானை இன்னும் 45 வருடம் இருக்கும்; 2070ஐத் தொடும். அத்தனை வருடத்துக்கும் அதற்கு இரண்டு பாகர்கள் வேண்டும். இன்று பாகனாக இருப்பவர் அதற்குள் ஓய்வு பெற்றிருப்பார், அவர் மகன் வேறு வேலைக்குப் போயிருப்பார். மண் தரை வேண்டும், நடக்க இடம் வேண்டும், வேறு யானையின் வாசனையாவது வேண்டும். 2003ல் தொடங்கிய புத்துணர்வு முகாமில் வருடத்துக்கு 48 நாள் கோயில் யானைகள் ஒன்றையொன்று பார்த்தன. மீதி 317 நாளும் தனிமைதான். திருச்சிக்குப் பக்கத்தில் எம்.ஆர்.பாளையத்தில் வனத்துறை நடத்தும் மறுவாழ்வு மையத்தில் மீட்கப்பட்ட பெண் யானைகள் வருடம் முழுக்க ஒன்றாக இருக்கின்றன. குட்டி போடப் போவதில்லை. சேர்ந்து நின்று மண்ணை வாரிப் போட்டுக்கொள்கின்றன. நாற்பத்தைந்து வருடத்துக்கு இந்த மாதிரி இன்னும் எத்தனை இடம் வேண்டும் என்ற பட்டியலை அறநிலையத் துறையும் வனத்துறையும் இப்போதே உட்கார்ந்து போடலாம். இருக்கிற கோயில் யானைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம், பெரிய வேலை இல்லை.